பதினேழு ராஜினாமா

சாவியக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி. அலுவலகத்தில் எல்லோரும் பேனா என்று கூப்பிடுகிறவள் சொன்னதும் ஒரே ஒரு பதில்தான். ஆனால் அந்த ஒரு பதிலை அதற்குப் பிறகு பேனாவால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"தங்கச்சி, ரொம்ப வருஷம் வேலை பாத்தவங்களுக்குப் போகும்போது சர்வீஸ் பணம்னு ஏதோ உண்டாமே. பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எனக்கு உண்டா?"

"இல்லக்கா. உங்க ரெக்கார்டுபடி வராது."

கொஞ்சம் தயங்கிச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தத் தயக்கத்தைப் பார்த்து சாவியக்கா இன்னொரு கேள்வி கேட்டிருப்பாள். ஆனால் கேள்வி முடியும் முன்பே பதில் வந்து நின்றது. பல வருஷமாக நாக்கின் அடியில் தயாராக வைத்திருந்த பதில் அது.

"நீ சொன்னா சரிதான்," என்றாள் சாவியக்கா. இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கடைசிச் சம்பளக் கவரைப் பிரித்துப் பார்க்காமலே கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்று, "உன் பொண்ணு பரீட்சை எப்படி எழுதியிருக்கா?" என்று விசாரித்தாள். நல்லா எழுதியிருக்கா அக்கா என்று பேனா சொன்னாள். அது மட்டும் உண்மை.

பேனா என்ற பெயர் அவளுக்கு வந்த கதை பெரியதல்ல. அந்தச் சலவை நிலையத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் அவள் ஒருத்திதான். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சாவியக்காவின் பெயரும் அப்படி ஒட்டியதுதான். காலை ஐந்து மணிக்கு வாசல் காவலாளியிடம் சாவி வாங்கி, கதவைத் திறந்து, பாய்லரை மூட்டிவிட்டு இஸ்திரி மேசையில் போய் நிற்கிறவள் அவள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளுக்கு அவள் வந்தால்தான் விடியும். அந்தக் கிழட்டு பாய்லர் மற்ற யார் கைக்கும் மசியாது. மேலாளர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அதனால் முகத்துக்கு முன்னால் எல்லோருக்கும் அவர் சார், முதுகுக்குப் பின்னால் மச்சான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு தொழிலாளியும் வேலையை விட்டுவிடுவார். மூன்று நாள் கழித்துப் புதிதாக வேலைக்குச் சேருவார். விடுவதற்கு ஒரு கடிதம், சேர்வதற்கு ஒரு கடிதம். இரண்டையும் எழுதுவது பேனா. இரண்டிலும் ஒரே மூச்சில் கையெழுத்து வாங்குவதும் பேனா. இஸ்திரிப் பகுதியில் அதற்குச் சாவு ஓலை, பிறப்பு ஓலை என்று கேலிப்பெயர் உண்டு. கையெழுத்துப் போட்டவருக்கு அன்றைக்கு ஒரு டீயும் ஒரு பன்னும் கம்பெனிச் செலவு. "செத்துப் பொழைச்சதுக்கு ஒரு பன்னுதானா" என்று சாவியக்கா வருஷா வருஷம் அதே ஜோக்கைச் சொல்வாள். மற்றவர்களும் வருஷா வருஷம் சிரிப்பார்கள்.

சிரிக்கிற விஷயம் இல்லை அது. ஒருவர் இடையில் நிற்காமல் பல வருஷம் உழைத்தால், அவரை அனுப்பும்போது வருஷத்துக்கு இவ்வளவு என்று பணிக்கொடை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வருஷா வருஷம் செத்துப் பிறக்கிறவருக்கு வயது எங்கே ஏறும்? பதினேழு வருஷமும் நாலு மாதமும் உழைத்த சாவியக்கா காகிதத்தில் நாலு மாதக் குழந்தை. விரிப்பைத் தானே தேய்த்துத் தானே மடிக்கும் ஒரு இயந்திரமும் பொத்தானைத் தட்டினால் எரியும் புது பாய்லரும் வந்து இறங்கியதும் இஸ்திரிப் பகுதியை மூடினார்கள். மற்ற நாலு பெண்களும் வந்து இரண்டு வருஷம் ஆகாதவர்கள், வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். சாவியக்காவின் கவரில் அந்த மாதச் சம்பளமும் அதற்குமேல் ஒரு வாரச் சம்பளமும் இருந்தன. "நாலு மாச ஆளுக்கு ஒரு வாரமே ஜாஸ்தி. ஏதோ நம்ம மனசு கேக்கல," என்றார் மச்சான், பல் குத்திக்கொண்டே.

அலுவலக ஆட்களுக்கு இந்தச் சாவும் பிறப்பும் கிடையாது. பேனா ஒரு தடவைகூடச் செத்ததில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கயிற்றிலும் கப்பியிலும் தொங்கிவிட்டு வருகிறவன் என்பதால் வீட்டுக்கு வந்தால் தரையை விட்டு எழுந்திருக்க மாட்டான்.

"என்னாச்சு?" என்றான்.

அவள் சொன்னாள். கேள்வியையும் சொன்னாள், பதிலையும் சொன்னாள்.

"நீ எழுதலைன்னா வேற யாராவது எழுதியிருப்பாங்க."

"அதைத்தான் நானும் இத்தனை வருஷமா எனக்கே சொல்லிக்கிட்டிருந்தேன்."

"நம்ம வீட்டுக் கடனுக்கு ஜாமீன் யாரு?"

"மச்சான்."

"அப்ப பேசாம சாப்பிடு."

அவன் கெட்டவன் இல்லை. இன்னும் ஒன்பது வருஷத் தவணை பாக்கி இருக்கிற மனிதன். ஆனால் அந்த நேரம் பார்த்து மகள் உள்ளேயிருந்து வந்து, "அம்மா, சாவி பெரியம்மா நாளையிலேர்ந்து வரமாட்டாங்களா?" என்று கேட்டாள். பதிமூன்று வயதுப் பெண். அவளுக்கு மூன்று வயது ஆகும்வரை பேனாவுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில், அப்போதுதான் தேய்த்து இறக்கிய விரிப்புகளின் சூட்டில் அவளைத் தூங்க வைத்தது சாவியக்கா. ஒரு கையால் இஸ்திரிப் பெட்டியும் மறுகையால் வண்டியும் தள்ளி வளர்த்த பிள்ளை. அந்த மூன்று வருஷத்துக்கும் சாவியக்கா எதுவும் கேட்டதில்லை. அந்த மூன்று வருஷத்திலும் பேனா மூன்று சாவு ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறாள். பேனா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

சாவியக்காவுக்கு அந்தப் பணம் எதற்கு என்பதும் பேனாவுக்குத் தெரியும், அதுதான் கொடுமை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கட்டிடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன இடம் காலியாக இருந்தது. ஒரு மேசையும் ஒரு ஆளும் நிற்கலாம். அதில் இஸ்திரிக் கடை போட வேண்டும் என்று சாவியக்கா ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள். முன்பணம் கொடுத்தால் இடம் தருவேன், அடுத்த மாதக் கடைசிவரை பார்ப்பேன், அதற்குமேல் செல்போன் உறை விற்கிற ஆள் கேட்கிறான் என்று கட்டிடக்காரர் சொல்லியிருந்தார். ஐம்பத்துமூன்று வயதில் இனி யார் வேலை தரப்போகிறார்கள்? அந்த மாடிப்படி அடிதான் சாவியக்காவின் மிச்ச வாழ்க்கை.

அடுத்த வாரம் மச்சான் பேனாவைக் கூப்பிட்டு, பின்பக்க அறையைக் காலி செய்யச் சொன்னார். புது இயந்திரத்தின் உதிரிகளை வைக்க இடம் வேண்டுமாம். "பழைய குப்பை எல்லாத்தையும் மூட்டை கட்டு. வியாழக்கிழமை பேப்பர்காரன் வர்றான். முக்கியமான ஃபைல் எல்லாம் உன் பீரோவுலதான இருக்கு?"

"ஆமா சார்."

முக்கியமான ஃபைல் என்றால் ராஜினாமாக்கள். அவற்றைப் பொன்போலக் காத்து வந்தாள். பின்பக்க அறையில் கிடந்தது யாரும் தேடாத சாமான்: உடைந்த கொக்கிகள், காலாவதியான நாட்காட்டிகள், ஒரு சுருட்டிய பாய், அதற்கடியில் நீல அட்டை போட்ட தடித்த நோட்டுகள். மேல் நோட்டைத் தூசி தட்டித் திறந்தாள். சாவிப் பதிவேடு.

இறந்துபோன வாசல் காவலாளியின் வேலை அது. பேச்சு குறைவு, பிடிவாதம் ஜாஸ்தி. முதலாளியே வந்து நின்றாலும் தேதி, நேரம், பெயர், கையெழுத்து நாலும் இல்லாமல் சாவி வெளியே வராது. அவருக்குப் பிறகு வந்தவரும் பயந்து அதையே பின்பற்றினார். பேனா முதல் வருஷத்து நோட்டைப் புரட்டினாள். சாவியக்கா முதல் முறை 'ராஜினாமா' செய்த அந்த மூன்று நாள் எது என்று அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். விரல் அந்தத் தேதியில் போய் நின்றது. காலை எட்டரை மணி. கோணல் மாணலாக சாவியக்காவின் கையெழுத்து. மறுநாள் ஐந்து மணி. அதற்கு மறுநாளும்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அந்த முதல் வருஷம் சாவியக்காவை மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். காலையில் பாய்லர் எரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விரிப்பு எங்கே என்று போன் மேல் போன். மச்சானே ஆள் அனுப்பிச் சாவியக்காவைக் கூட்டிவரச் சொன்னார். அதற்குப் பிறகு எந்த வருஷமும் அவளை வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. அந்த மூன்று நாள் கூலியைப் பெயரில்லாத சீட்டில் கொடுத்துவிடுவார்கள். அலுவலகத்துக் காகிதம் ஒவ்வொன்றையும் சுத்தமாக வைத்திருந்தவர்கள் வாசலில் ஒரு நோட்டு இருப்பதை மறந்தே போனார்கள். வேலையில் இல்லாத ஒரு பெண் பதினேழு தடவை, மும்மூன்று நாள், கம்பெனிக் கதவைத் திறந்து பாய்லர் மூட்டியிருக்கிறாள்.

பேனா அந்த நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பீரோவில் கிடந்த ஒரு பழைய சுற்றறிக்கையும் அவளுக்கு வரிவரியாகத் தெரியும். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வந்தது, சுவரில் ஒட்ட வேண்டியது. வேலை நிற்காமல் நடக்கும்போது காகிதத்தில் மட்டும் நிறுத்திக் காட்டினால் அது செல்லாது என்று அதில் தெளிவாக இருந்தது. "ஒட்டற இடமா இது, ஃபைல்ல போடு," என்றார் மச்சான். போட்டாள். இரண்டாவது ராஜினாமா எழுதுவதற்கு ஒரு மாதம் முன்பு அது.

பேப்பர்காரன் வியாழக்கிழமை வந்து மூட்டைகளை எடை போட்டு எடுத்துப் போனான். சாவிப் பதிவேடுகள் அதில் இல்லை. அவை புதன்கிழமையே, ஓட்டைவிழுந்து தள்ளிப்போட்ட ஒரு விரிப்பில் சுற்றி, பேனாவின் வீட்டுக் கட்டிலடிக்குப் போய்விட்டன. கொண்டு வந்துவிட்டாளே தவிர அதற்கு மேல் தைரியம் வரவில்லை. மூன்று நாள் அவை கட்டிலடியில் கிடந்தன. கணவன் பெருக்கும்போது விளக்குமாறு இடித்து, இழுத்துப் பார்த்தான். என்ன இது என்று கேட்டான். சொன்னாள். அவன் ஒவ்வொரு நோட்டாகப் பிரித்துப் பார்த்தான்.

"இதை எரிச்சிடணும், இல்ல கொண்டுபோய்க் குடுத்துடணும்," என்றான் கடைசியில். "கட்டிலுக்கடியில வெச்சுக்கிட்டு மேல படுத்துத் தூங்க முடியாது. உன்னாலயும் முடியாது, இப்ப என்னாலயும் முடியாது."

"கடன்?"

"வீட்டை விட்டா வாடகைக்குப் போவோம். ஊர்ல எல்லாரும் சொந்த வீட்டுலயா இருக்காங்க?" அவன் அப்படிச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பையைத் தூக்கிக்கொண்டு சாவியக்கா வீட்டு மூன்று மாடி ஏறினாள். கதவு திறந்தே இருந்தது. சாப்பாட்டு மேசையில் கம்பளி விரித்து, பக்கத்து வீட்டுச் சட்டைகளை சாவியக்கா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வா தங்கச்சி. என்ன, பை கனமா இருக்கு?"

உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று படியேறும்போதே பேனா முடிவு செய்திருந்தாள். உட்கார்ந்தால் டீ வரும். டீ வந்தால் வாய் வராது.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது பொய்."

சாவியக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எது?"

"சர்வீஸ் பணம் வராதுன்னு சொன்னது. உங்களுக்கு வரணும். பதினேழு வருஷத்துக்கும் வரணும். வருஷா வருஷம் நான் கையெழுத்து வாங்கினது அதைக் குடுக்காம இருக்கத்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். பூசி மெழுகாமல் சொன்னாள். சாவு ஓலை எதற்கு, பிறப்பு ஓலை எதற்கு, மூன்று நாள் எதற்கு, பன் எதற்கு. நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்து, தேதிகளைக் காட்டினாள். சாவியக்கா தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நான் கேட்டப்போ உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"மொத வருஷமே தெரியுமா?"

"மொத வருஷம் தெரியாது அக்கா. ரெண்டாவது வருஷத்துக்கு முன்னால ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. அதுலேர்ந்து தெரியும்."

சாவியக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். உதடு மட்டும் அசைந்தது.

"அப்போ பதினாறு தடவை தெரிஞ்சே எழுதிக் குடுத்திருக்க."

பேனா தலையைக் குனிந்துகொண்டாள். பதினாறு என்று அவள் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணாமல் இருப்பதில் அவள் அத்தனை கவனமாக இருந்திருக்கிறாள்.

"எனக்கு மச்சான் மேல கோபமே இல்ல," என்றாள் சாவியக்கா. "அவன் அப்படித்தான்னு எனக்குத் தெரியும். அவன் ஒரு பேப்பரை நீட்டியிருந்தா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுத்தெழுத்தாக் கூட்டிப் படிச்சிட்டுத்தான் போட்டிருப்பேன். விடிய விடிய ஆனாலும் படிச்சிருப்பேன். நீட்டினது நீ. அதான் படிக்கல."

வெளியே யாரோ மாடிப்படியில் வாளியை இழுத்துப் போகும் சத்தம் கேட்டது. பேனாவுக்கு அழுகை முட்டியது. அழுதால் சாவியக்காதான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும், அந்த வேலையையும் அவள் தலையில் கட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நான் லேபர் ஆபீஸ்ல மனு குடுக்கறேன்," என்றாள் சாவியக்கா. "இந்த நோட்டு எங்கிட்ட இருக்கட்டும். உன்னை நான் காட்டிக் குடுக்க மாட்டேன். சொல்றதா இருந்தா நீயா சொல்லு. சொல்லாட்டியும் கேக்க மாட்டேன்."

டீ போடவா என்று கேட்கவில்லை. அந்த வீட்டுக்குப் பேனா வந்து டீ குடிக்காமல் இறங்கியது அதுதான் முதல் தடவை.

மனு போன வேகத்தில் விசாரணைத் தேதியும் வந்தது. மச்சானுக்குச் சிரிப்பு. "பாய்லர் மூட்டறவ கோர்ட்டு ஏறப் போறாளாம். நீ அந்த ஃபைலை எடுத்துக்கிட்டு கூட வா. பதினேழு கையெழுத்தையும் மூஞ்சிக்கு முன்னால போட்டா அங்கேயே முடிஞ்சிடும்." பேனா ஃபைலை எடுத்துக்கொண்டு அவரோடு போனாள். அவருடைய காரிலேயே போனாள். வழியெல்லாம் அவர் அடுத்த மாதம் அவளுக்குச் சம்பளம் கூட்டுவது பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு ஊசியாகக் குத்தியது.

தொழிலாளர் அலுவலக அதிகாரிக்கு அன்று கடும் ஜலதோஷம். மின்விசிறியில் காகிதம் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு பூட்டை வைத்திருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு ராஜினாமாக்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில், வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்." அடுத்ததை எடுத்தார். "குடும்பச் சூழ்நிலை காரணமாக." அதற்கு அடுத்தது. "என்னம்மா, உங்க குடும்பத்துல வருஷம் தவறாம ஒரே சூழ்நிலை மூணு நாளைக்கு மட்டும் வந்துட்டுப் போகுமா?"

"எனக்குக் குடும்பமே இல்லீங்க," என்றாள் சாவியக்கா. "நான் ஒண்டிக்கட்டை."

"கையெழுத்து அவங்களோடதுதானே சார்?" என்றார் மச்சான். "யாரும் கையைப் பிடிச்சுப் போடலையே. அவங்களா எழுதி, அவங்களா குடுத்தது."

சாவியக்கா பையிலிருந்து நீல நோட்டுகளை எடுத்து வைத்தாள். மச்சானின் முகம் சுண்டிப்போனது. ஆனால் சுதாரித்துக்கொண்டார். "இது வாட்ச்மேன் கிறுக்கினது சார். வேற யாராவது இவங்க பேரைப் போட்டுச் சாவி வாங்கியிருக்கலாம். வேலையை விட்டவங்க எதுக்கு வந்து கதவைத் திறக்கப் போறாங்க?"

அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "கடிதத்துல இருக்கற எழுத்து வேற, கையெழுத்து வேற. கடிதத்தை எழுதினது யாரு?"

சாவியக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க மாட்டேன் என்று சொன்னவள் உண்மையிலேயே கேட்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மச்சான் மேசைக்கடியில் பேனாவின் காலை மெதுவாக மிதித்தார். அந்த மிதி மட்டும் இல்லாவிட்டால் இன்னும் ஒரு நிமிஷம் அவள் பேசாமல் இருந்திருப்பாளோ என்னவோ. அதை நினைத்து அவள் பிறகு பலமுறை வெட்கப்பட்டாள்.

"நான்தான் சார் எழுதினேன்," என்றாள். "பதினேழும் நான் எழுதினது. அக்கா ஒரு வார்த்தை சொல்லல. ரெண்டு கடிதத்துலயும் ஒரே நாள்ல கையெழுத்து வாங்கினேன். அந்த மூணு நாளும் அவங்க வேலைக்கு வந்தாங்க. ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்ததே மேனேஜர் சார்தான். இது சட்டப்படி தப்புன்னு எனக்குத் தெரியும். சுற்றறிக்கை என் பீரோவுல இருக்கு."

"யார் சொல்லி எழுதினீங்க?"

"இவர் சொல்லி எழுதினேன். ஆனா எழுதினது நான்."

அதிகாரி எழுதிக்கொண்டார். மூக்கை ஒருமுறை துடைத்துக்கொண்டு மீண்டும் எழுதினார். சாவியக்கா அப்போதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் திரும்பும்போது பேனாவைக் காரில் ஏற்றவில்லை.

மறுநாள் காலை அவள் மேசைமேல் ஒரு வெள்ளைத்தாள் காத்திருந்தது. மச்சான் எதிரே நின்றார். சத்தம் போடவில்லை, அது அவர் வழக்கமில்லை. "உனக்கு நான் சொல்லித் தரணுமா? மத்தவங்களுக்கு எழுதின மாதிரியே எழுது. கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பு. ஜாமீனை நான் அப்புறம் பாத்துக்கறேன்."

கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள். சத்தியமாக எழுத வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. கை தானாக ஓடியது. குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில். வளைவு நெளிவு எல்லாம் அதே அழகு. எத்தனை நூறு தடவை எழுதிய வரி. தன் பெயரை எழுத வேண்டிய இடத்துக்கு வந்த பிறகுதான் கண்ணுக்கு என்ன எழுதியிருக்கிறோம் என்பது தெரிந்தது. மை இன்னும் காயவில்லை. இந்த வரிக்குக் கீழேதான் அவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

தாளை நாலாகக் கிழித்தாள்.

"நான் விலகல சார். நீங்க அனுப்பறீங்க. அனுப்பறேன்னு நீங்களே எழுதிக் குடுங்க. என் பதினேழு வருஷத்தையும் அதுல எழுதுங்க."

அவர் எழுதிக் கொடுக்க இரண்டு வாரம் ஆனது. ஜாமீனிலிருந்து விலகிக்கொள்ள ஒரே நாள்தான் ஆனது. கணவன் ஞாயிற்றுக்கிழமைகளிலும் லிஃப்ட் பார்க்கப் போனான். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய பேனாவுக்கு எங்கேயும் ஒரே கேள்வி: பழைய இடத்தில் ஏன் அனுப்பினார்கள்? உண்மையைச் சொன்னாள். சொல்லிச் சொல்லித் திரும்பி வந்தாள். சலவைப் பகுதியில் பதினொரு பேர் தங்கள் சாவு ஓலைகளைப் பற்றி லேபர் ஆபீசில் மனு கொடுத்ததாகக் கேள்விப்பட்டாள். அவற்றையும் எழுதியது அவள்தான். ஒவ்வொருவர் விசாரணைக்கும் போய் அதையே சொன்னாள்.

கட்டிடக்காரர் சொன்ன மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு சாவியக்காவுக்கு உத்தரவு வந்தது. பதினேழு வருஷமும் முழுதாகக் கணக்கில் எடுக்கப்பட்டது. காசோலை வாங்கிக்கொள்ளச் சாட்சி ஒருவர் கையெழுத்து வேண்டும், பதிவேடுகளை அடையாளம் காட்டியவரே வந்தால் நல்லது என்று அதிகாரி பேனாவுக்கும் போன் செய்தார். பேனா தன்னிடம் இருந்ததில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. சாவியக்கா ஒரு வார்த்தை பேசுவாள் என்ற நப்பாசையாக இருக்கலாம்.

அதிகாரி காகிதத்தை நகர்த்தினார். "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

சாவியக்கா பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தாள். முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டாள். காகிதத்தை அருகே இழுத்து, முதல் வரியில் விரலை வைத்து, உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். விரல் நிதானமாக இரண்டாவது வரிக்கு வந்தது, மூன்றாவதுக்குப் போனது. ஒரு பக்கம் படித்து முடிக்கக் கால் மணிக்கு மேல் ஆனது. பேனா பக்கத்திலேயே நின்றாள். நான் படித்துச் சொல்லட்டுமா என்று கேட்க அவளுக்கு வாய் இல்லை.

"இதை எழுதினது யாரு?" என்று சாவியக்கா அதிகாரியிடம் கேட்டாள்.

"நான்தாம்மா."

சாவியக்கா பேனா இருந்த பக்கம் தலையைச் சற்றே அசைத்தாள். "இவங்க எழுதலையே?"

"இல்லம்மா."

"அப்ப சரி," என்று சொல்லி, கோணல் மாணலாகத் தன் பெயரைப் போட்டாள்.

சாட்சி என்று இருந்த இடத்தில் பேனா கையெழுத்துப் போட்டாள். முத்து முத்தான அந்த எழுத்து இந்த முறை கோணலாக விழுந்தது. சாவியக்கா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பெயரையும் விரல் வைத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அதிகாரியிடம் கொடுத்தாள்.